வெளிச்சம் பட்டா தானா திரும்புற பொருட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சின்ன ஜெல் குச்சி தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு, லைட்டை எங்க கொண்டு போனாலும் அந்தப் பக்கமே தலையை திருப்புற வீடியோவை பாத்துட்டு "உள்ள மோட்டார் இருக்கா, சிப் வச்சிருக்காங்களா"ன்னு கேக்குறவங்க நிறைய பேர். ரெண்டும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. அப்புறம் எப்படின்னு கேட்டா பதில் கொஞ்சம் நீளம், அதான் கேள்வி பதிலா எழுதியிருக்கேன். செடியில ஆரம்பிச்சாதான் ஜெல் புரியும், அதனால முதல் ரெண்டு கேள்வியை தாண்டி குதிக்காதீங்க.

சூரியகாந்தி நிஜமாவே நாள் பூரா சூரியனை பாத்து திரும்புதா, இல்ல சும்மா சொல்றதா?

பாதி உண்மை. வளர்ற வயசுல இருக்கிற செடி, மொட்டு விடுற பருவத்துல இருக்கிறது, அதெல்லாம் திரும்பும். காலைல கிழக்க பாத்து நிக்கும், சாயங்காலத்துக்குள்ள மேற்கு வந்துடும், ராத்திரி யாரும் பாக்காத நேரத்துல திரும்ப கிழக்குக்கு போய் விடியறதுக்கு முன்னாடியே ரெடியா நிக்கும். பூ முழுசா விரிஞ்சு தண்டு வளர்றது நின்னதும் அவ்ளோதான், அதுக்கப்புறம் கிழக்க பாத்தபடியே நின்னுடும். பூத்துக் குலுங்குற தோட்டத்துல சாயங்காலம் போய் "என்னங்க எல்லாம் சூரியனுக்கு முதுகை காட்டிக்கிட்டு நிக்குது"ன்னு கேக்குறவங்க இதனாலதான் குழம்புறாங்க.

ஏன் கிழக்குங்கறதுக்கும் காரணம் இருக்கு. கலிஃபோர்னியால யூசி டேவிஸ் பல்கலைக்கழகத்துல ஸ்டேசி ஹார்மர் குழு 2016-ல சயன்ஸ் ஜர்னல்ல வெளியிட்ட ஆய்வுல தொட்டியில வளர்ந்த செடிகள்ல சிலதை மேற்கு பாக்குற மாதிரி திருப்பி வச்சு பாத்தாங்க, கிழக்கு பாத்த பூ காலைல சீக்கிரம் சூடாகுது, அதுக்கு தேனீ மாதிரி பூச்சிங்க கிட்டத்தட்ட 5 மடங்கு அதிகமா வருது. மேற்கு பாத்த பூவுக்கு போர்ட்டபிள் ஹீட்டர் வச்சு சூடாக்கினா அதுக்கும் பூச்சி வரத்து கூடுது. அதாவது சூடு ஒரு முக்கிய காரணம்.

தசை இல்லாத செடி எப்படி திரும்புது?

வளர்ந்துதான் திரும்புது. பகல்ல தண்டோட கிழக்கு பக்கம் கொஞ்சம் வேகமா நீளுது, மேற்கு பக்கம் மெதுவா, அதனால தலை மேற்கால சாயுது. ராத்திரி அப்படியே உல்டா. வளர்ச்சிக்கு வேண்டிய ஜிபெரலின் ஹார்மோன் சரியா சுரக்காத குட்டை ரக செடியில இந்த ஆட்டமே சரியா நடக்கல, பூ முத்தினதும் எல்லா செடியுமே நிறுத்திடறதுக்கும் இதான் காரணம், வளர்ச்சி இல்லைன்னா அசைவும் இல்ல.

இன்னொரு சங்கதி, செடியை உள்ள கொண்டு போய் தலைக்கு நேர் மேல ஆடாம அசையாம ஒரு லைட்டை வச்சா கூட சில நாள் வரைக்கும் அது கிழக்கு மேற்கா ஆடிக்கிட்டே இருக்கு, ஏன்னா உள்ள ஒரு கடிகாரம் ஓடுது, நமக்கு தூக்கம் வர்ற நேரத்தை சொல்ற அதே மாதிரியான உயிர் கடிகாரம். ஜன்னலோரம் வச்ச செடி வெளிச்சம் பாத்து வளையுறது வேற கதை, அது நீல ஒளியை உணர்ற ஃபோட்டோட்ராபின்ங்கற புரோட்டீன் வழியா நடக்குது. ரெண்டும் ஒண்ணுதான்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருந்தாங்க. 2023-ல அதே ஹார்மர் குழு வயல்ல வளர்ற சூரியகாந்திக்கு நீல ஒளி, சிவப்பு, அல்ட்ரா வயலட்டுன்னு ஒவ்வொண்ணா மறைச்சு பாத்தும் அது பாட்டுக்கு சூரியனை தொடர்ந்துக்கிட்டுதான் இருந்துச்சு. ஆக சூரியகாந்தி இன்னும் முழுசா பிடி கொடுக்கல.

எல்லா செடியும் இப்படி வளர்ந்துதான் திரும்பணும்னு இல்ல. பருத்தி, பீன்ஸ் மாதிரி செடிகள்ல இலைக்காம்பு முட்டில இருக்கிற செல்லுக்குள்ள தண்ணி ஏறி இறங்கி இலை திரும்பும். பீன்ஸ் இலை தண்ணி தட்டுப்பாடு வந்தா சூரியனுக்கு ஓரத்தை மட்டும் காட்டி வெயிலை தவிர்க்கவும் செய்யும்.

செடி உயிர் உள்ளது. பிளாஸ்டிக்கும் ஜெல்லும் வெளிச்சத்துல எப்படிங்க அசையும்? வெளிச்சம் தள்ளுதா?

தள்ளுதுதான், ஆனா அந்த தள்ளு ஒண்ணுத்துக்கும் உதவாது. நல்ல வெயில்ல ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 1000 வாட் விழுது, அதை ஒளியோட வேகத்தால வகுத்தா வர்ற விசை நியூட்டன்ல மில்லியன்ல மூணு நாலு பங்குதான். விண்வெளில காத்து இல்லாத இடத்துல பாய்மரம் மாதிரி பெரிய துணியை விரிச்சா பிரயோஜனம் உண்டு, தரையில இல்ல.

நிஜத்துல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, வெளிச்சத்தை உறிஞ்சி சூடாகி அந்த சூட்டுல சுருங்குறது. இன்னொண்ணு, வெளிச்சம் பட்டதும் மூலக்கூறே வடிவம் மாறுறது, இதுக்கு சூடு தேவையில்ல. ரெண்டுலயும் கடைசில நடக்குறது ஒண்ணுதான், ஒரு பக்கம் சுருங்குது மறுபக்கம் சுருங்கல, அதனால வளையுது. வெயில்ல காய வச்ச அப்பளம் மேல்பக்கம் முதல்ல காஞ்சு ஓரம் மேல தூக்கிக்கும் இல்லையா, கணக்கு அதேதான்.

மூலக்கூறே வடிவம் மாறுமா? எப்படி?

இதுல ஹீரோ அசோபென்சீன்னு ஒரு மூலக்கூறு. சாயப்பட்டறை சமாச்சாரம், அசோ சாயம்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அந்த குடும்பம். சாதாரணமா நீட்டா நிக்கும், அல்ட்ரா வயலட் ஒளி பட்டா நடுவுல மடங்கிடும், ஒரு முனையிலேர்ந்து இன்னொரு முனை வரைக்கும் 9 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம்னா மீட்டர்ல ஆயிரம் கோடில ஒரு பங்கு) இருந்தது 5.5 ஆகிடும். கண்ணுக்கு தெரியுற ஒளியை காட்டினாலோ, கொஞ்ச நேரம் சும்மா விட்டாலோ பழையபடி நீண்டுடும். மடங்குன வடிவத்தை 1937-லயே ஹார்ட்லிங்கற வேதியியலாளர் கண்டுபிடிச்சுட்டார், ஆனா இதை வச்சு ஒரு பொருளையே அசைக்கலாம்னு வர ரொம்ப காலம் ஆச்சு.

ஒரு மூலக்கூறு மடங்கினா யாருக்கு தெரியப்போகுது, கோடிக்கணக்குல ஒரே திசையில அடுக்கி வச்சு எல்லாம் சேந்து மடங்கினாதான் கண்ணுக்கு தெரியுற அசைவு வரும். அந்த அடுக்குற வேலைக்குதான் லிக்விட் கிரிஸ்டல். டிவி ஸ்கிரீன்ல இருக்கே அதே இனம்தான், ஆனா இங்க அதை ரப்பர் மாதிரி வலைப்பின்னலோட கோத்துடுவாங்க, பேரு லிக்விட் கிரிஸ்டல் எலாஸ்டோமர், சுருக்கமா எல்சிஇ. இதை செயற்கை தசையா பயன்படுத்தலாம்னு முன்கூட்டியே சொன்னவர் 1991-ல இயற்பியல் நோபல் வாங்கின பிரெஞ்சுக்காரர் டி ஜென்.

2001-ல ஃபின்கெல்மன், வார்னர் ஆகியோர் இருந்த குழு அசோபென்சீன் கோத்த எல்சிஇ வெளிச்சத்துலயே 20 சதவீதம் வரைக்கும் சுருங்குதுன்னு காட்டுனாங்க. 2003-ல ஜப்பான்ல இகெடா குழு ஒரு படி மேல போய், மெல்லிசான ஒரு ஃபிலிமை ஒளியோட போலரைசேஷனை (ஒளி அலை எந்த திசையில அதிருதுங்கறதை) மாத்தி மாத்தி வேணுங்கற திசையில வளைய வச்சாங்க. ஃபிலிமோட மேல்தோல்தான் வெளிச்சத்தை முழுங்கும், அடியில இருக்கிறதுக்கு வெளிச்சமே போகாது, அதனாலதான் சுருங்காம வளையுது.

சரி, இதெல்லாம் முன்னாடியே இருக்குன்னா அந்த ஜெல் குச்சியில அப்படி என்ன பெரிய விஷயம்?

இந்த பக்கத்துல ஒரே ஒரு பதிலை மட்டும்தான் படிப்பேன்னா இதை படிங்க.

வெளிச்சம் பட்டா வளையுற பொருள் நிறைய இருக்கு. வெளிச்சம் எங்கேர்ந்து வருதோ அங்க பாத்து வளைஞ்சு, நேரா வந்ததும் *நிக்கிற* பொருள்தான் இல்லாம இருந்துச்சு. தொட்டாச்சிணுங்கியை எந்த பக்கம் தொட்டாலும் இலை ஒரே மாதிரிதான் மூடும், தொட்ட திசை அதுக்கு முக்கியம் இல்ல, இந்த வகை அசைவுக்கு நாஸ்டிக்னு பேரு. தூண்டல் வர்ற திசையை பாத்து அசையறது டிராபிசம். செயற்கை பொருள்ல பெரும்பாலானது தொட்டாச்சிணுங்கி ரகம். எந்த பக்கம் வளையணும்னு தயாரிக்கும்போதே முடிவாகிடும், லைட் போட்டா வளையும், அணைச்சா நிமிரும், அவ்ளோதான்.

2019 நவம்பர்ல லாஸ் ஏஞ்சலஸ் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்துல ஷிமின் ஹே குழு நேச்சர் நானோடெக்னாலஜி ஜர்னல்ல வெளியிட்டதுதான் சன்பாட். ஒரு மில்லிமீட்டர் சைஸ்ல ஒரு உருளை, ஜெல்லால ஆனது, தலையில வேணும்னா ஒரு பூ மாதிரி வெளிச்சம் சேகரிக்கிற பாகம். ஜெல்லோட பேரு நீளமா இருக்கும், பாலி என்-ஐசோப்ரொப்பைல் அக்ரிலமைடு, லேப் ஆளுங்க பிநைபாம்னு சுருக்கிடுவாங்க. இது தண்ணில ஊறி உப்பி இருக்கும், சுமார் 32 டிகிரி செல்சியஸ் தாண்டினதும் குடிச்ச தண்ணியை கக்கிட்டு சுருங்கிடும், ஆற விட்டா திரும்ப உறிஞ்சி உப்பும். அதுக்குள்ள தங்க நானோ துகள் கலந்திருக்காங்க, அது ஒளியை முழுங்கி அந்த இடத்துலயே சூடாக்குறதுக்கு.

இப்போ நடக்குறதை மெதுவா பாருங்க. பக்கவாட்டுல வெளிச்சம் அடிக்குது. வெளிச்சம் பட்ட பக்கம் சூடாகுது, தண்ணி வெளிய போகுது, அந்த பக்கம் குட்டை ஆகுது, குச்சி வெளிச்சத்தை பாத்து வளையுது. வளைய வளைய தலை வெளிச்சத்துக்கு நேரா வருது, அப்படி வந்ததும் என்ன ஆகும்? தலையோட நிழல் அந்த சூடான இடத்து மேலயே விழும். நிழல் விழுந்தா அது ஆறும், ஆறினா திரும்ப தண்ணி குடிச்சு உப்பும், உப்பினா குச்சி கொஞ்சம் நிமிரும், நிமிந்தா திரும்ப வெளிச்சம் படும். இந்த இழுபறில ஒரு இடத்துல சமநிலை வந்து தலை வெளிச்சத்தை பாத்தபடி நின்னுடும். லைட்டை நகத்தினா நிழல் விலகும், திரும்ப முதல்லேர்ந்து. உருளையா இருக்கறதால எந்த பக்கத்துக்கும் முன்னுரிமை இல்ல, எந்த திசையிலேர்ந்து வந்தாலும் வேலை செய்யும்.

சென்சார், கண்ட்ரோலர், மோட்டார்னு மூணு பார்ட் செய்யுற வேலையை ஒரே ஒரு ஜெல் துண்டு அதோட சொந்த நிழலை வச்சே முடிச்சுடுது. என்னை கேட்டா தங்கம், நானோன்னு வர்ற வார்த்தைகளை விட இந்த நிழல் ஐடியாதான் அந்த ஆய்வோட உயிர், ஆனா செய்தில எல்லாம் "செயற்கை சூரியகாந்தி"ன்னு தலைப்பு போட்டுட்டு அதை விட்டுட்டாங்க. இந்த கொள்கை இந்த ஒரு ஜெல்லுக்கு மட்டும் இல்ல, தூண்டலுக்கு அசையற வேற பொருட்களுக்கும் பொருந்தும்னும் அந்த குழு சொல்லியிருக்கு.

அப்போ இது செடி செய்யுறதேதானா?

முடிவு ஒண்ணு, வழி நேர் எதிர். செடி வெளிச்சம் இல்லாத பக்கத்தை நீட்டி வளையுது, ஜெல் வெளிச்சம் பட்ட பக்கத்தை சுருக்கி வளையுது. செடி வளர்ந்தது வளர்ந்ததுதான், திரும்ப குட்டை ஆகாது, அதனால எதிர்பக்கத்தையும் வளர்த்துதான் ஈடு கட்டணும். ஜெல்லுக்கு அந்த பிரச்சனை இல்ல. ஆனா ஜெல்லுக்கு கடிகாரம் கிடையாது, நாளைக்கு சூரியன் எங்க உதிக்கும்னு அதுக்கு தெரியாது, ராத்திரி நேரா நிமிர்ந்து நிக்கும், காலைல வெளிச்சம் பட்டப்புறம்தான் திரும்பவே ஆரம்பிக்கும். மேகம் மூடினா மெல்ல நிமிந்துடும், விலகினா திரும்ப தேடி பிடிக்கும்.

அந்த இழுபறில நிக்காம ஆடிக்கிட்டே இருந்துடாதா?

இருக்கும், அளவை மாத்தினா அப்படியும் ஆகும், அதை வேணும்னே பண்ணியும் இருக்காங்க. பொருள் சூடாகி ஆறுற வேகம், அது வளையுற வேகம், நிழல் விழற இடம் இந்த மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போனா அமைதியா நிக்கும், ஒண்ணு பின்தங்கினா தாண்டிப்போய் திரும்ப வந்துன்னு ஆட்டம் தொடரும். அதே 2019-ல அதே ஹே குழு சயன்ஸ் ரோபோடிக்ஸ்ல இன்னொரு பேப்பர் போட்டாங்க, விட்டு விட்டு எரியாம ஒரே சீரா எரியுற வெளிச்சத்துல ஜெல் வால் தானா ஆடி ஆடி தண்ணில நீந்துற சின்ன சாதனம். அதுக்கு முன்னாடி இந்த மாதிரி சாதனம் பெரும்பாலும் ஆடணும்னா யாராவது லைட்டை ஆன் ஆஃப் பண்ணிக்கிட்டே இருக்கணும். 2017-ல நெதர்லாந்து ஐந்தோவன் குழுவும் அசோபென்சீன் வகை ஃபிலிம்ல ரெண்டு முனையையும் பிடிச்சு வச்சுட்டு சீரான வெளிச்சம் காட்டி அலை மாதிரி ஓட வச்சாங்க, அதுலயும் தன் நிழலேதான் மறுபடி மறுபடி வேலை செய்யுது.

சன்பாட் பத்தின செய்தில 400 சதவீதம் கூடுதல் எனர்ஜின்னு போடுறாங்களே, நம்பலாமா?

கணக்கு பொய் இல்ல, ஆனா எதோட ஒப்பிட்டுன்னு பாக்கணும்.

வெளிச்சம் சரிவா விழுந்தா ஒரு தட்டையான பரப்புக்கு கிடைக்கிறது கோணத்தோட கொசைன் அளவுக்கு குறையும், பத்தாங்கிளாஸ் கணக்கு. நேரா விழறதுலேர்ந்து 60 டிகிரி சரிஞ்சா பாதி. 75 டிகிரி சரிஞ்சா 0.26, அதாவது நாலுல ஒரு பங்குதான், முக்கால்வாசி போச்சு. திரும்பி நேரா பாத்தா முழுசும் கிடைக்கும். 1-ஐ 0.26-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 4, அந்த 400 இங்கேர்ந்துதான் வருது, அதாவது மொத்தம் 4 மடங்கு, கூடுதல்னு மட்டும் பாத்தா 300-க்கு கொஞ்சம் கீழதான். "வரைக்கும்"னு ஒரு வார்த்தை ஆய்வுல இருக்கு, செய்தில வரும்போது அது எங்கயோ விழுந்துடுது. நடு மத்தியானம் வெளிச்சம் நேரா விழும்போது கூடுதல் லாபம் பூஜ்யம்.

இன்னும் ரெண்டு விஷயம் யோசிக்கணும். 75 டிகிரி சரிவுல இருக்கிற நிஜ சூரியன் காலைல சாயங்கால சூரியன், அது காத்து மண்டலத்துல ரொம்ப தூரம் கடந்து வர்றதால அதோட பலமே கம்மி, கம்மியானதை 4 மடங்காக்கினா பெரிய தொகை வந்துடாது. ரெண்டாவது, ஒரு குச்சிக்கு இந்த கணக்கு சரி, நெருக்கி நெருக்கி ஆயிரம் குச்சி நட்டா ஒண்ணு மேல ஒண்ணு நிழல் அடிக்கும். ஒரு சதுர மீட்டர் தரைக்கு வர்ற வெளிச்சம் மொத்தமே அவ்ளோதான், எல்லாரும் திரும்பி நின்னாலும் இல்லாதது எங்கேர்ந்து வரும். இடம் விட்டு நட்டாதான் லாபம், இடம் விட்டா பரப்பு கூடும். சோலார் பண்ணையில டிராக்கர் (சூரியனை தொடர்ந்து பேனலை திருப்புற கருவி) வைக்கிறவங்களுக்கு இந்த தலைவலி ஏற்கனவே நல்லா பழக்கம்.

மோட்டார் வச்ச சோலார் டிராக்கர்தான் ஏற்கனவே இருக்கே, இது எதுக்கு?

பெரிய பண்ணைக்கு மோட்டார் டிராக்கர்தான், அதுல சந்தேகமே வேணாம். கிழக்கு மேற்கா மட்டும் சுத்துற ஒத்தை அச்சு டிராக்கர் நிலையா நிக்கிற பேனலை விட வருசத்துக்கு 15-லேர்ந்து 25 சதவீதம் வரைக்கும் கூடுதலா தரும், இடத்தை பொறுத்து மாறும். சூரியன் மணிக்கு 15 டிகிரிதான் நகருது, மோட்டாருக்கு பெருசா வேலையும் இல்ல.

பொருளே திரும்புற ஐடியாவை பேனல் பக்கம் கொண்டு போனவங்களும் இருக்காங்க. அமெரிக்காவுல விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்துல ஹாங்ருய் ஜியாங் குழு 2012-ல எல்சிஇல கார்பன் நானோட்யூப் (கார்பனால ஆன ரொம்ப நுண்ணிய குழாய்) கலந்து, பேனலை சுத்தி தாங்குற கால்கள் மாதிரி அதை வச்சாங்க. ஒரு கண்ணாடி சூரிய ஒளியை குவிச்சு சரியான காலு மேல அடிக்கும், அது சூடாகி சுருங்கும், பேனல் அந்த பக்கம் சாயும், வெளிச்சம் விலகினா அது ஆறி நீளும். சோதனையில 10 சதவீதம் அளவுக்கு கூடுதல் கிடைச்சதா சொன்னாங்க. இங்கயும் மின்சாரம் செலவே இல்ல.

ஆனா மோட்டார் நுழைய முடியாத இடத்துலதான் இந்த பொருட்களுக்கு எதிர்காலம்னு எனக்கு தோணுது. மில்லிமீட்டர் சைஸ்ல ஒவ்வொண்ணுக்கும் மோட்டாரும் வயரும் யாரால வைக்க முடியும். சன்பாட் குழுவே பேனலை முன்னாடி வைக்கல, அவங்க காட்டினது தண்ணியை ஆவியாக்குற சாதனம், மேற்பரப்புல வெளிச்சத்தை உறிஞ்சி ஆவி எழுப்பி உப்பு தண்ணிலேர்ந்து நல்ல தண்ணி எடுக்குற வகையறா. அங்க ஜெல் தண்ணிக்குள்ளயே நிக்கலாம், காஞ்சு போற பயம் இல்ல, பொருத்தமான இடம். வெயிலுக்கு தக்க தானா திறந்து மூடுற ஜன்னல், வெளிச்சம் பாத்து திரும்புற சின்ன லென்ஸ், ஏன் விண்கல பாய்மரம் வரைக்கும் பேசுறாங்க. ஜன்னல் நடக்கும்னு தோணுது. மத்ததுக்கு அவசரப்படாதீங்க.

எங்க வீட்டு மாடி பேனலுக்கு இப்படி ஒண்ணு வாங்கி மாட்ட முடியுமா?

முடியாது. கடையில கிடைக்காது, யாராவது விக்குறேன்னு சொன்னா பணம் கொடுக்காதீங்க. இருபது கிலோ பேனலை தூக்கி சாய்க்கிற பலம் ஈரமான ஜெல்லுக்கு வராது, ஒரு ஆடி காத்துக்கு தாங்குமா சொல்லுங்க. தமிழ்நாட்டுல மாடி பேனலை தெற்கு பாத்து உங்க ஊர் அட்சரேகை அளவுக்கு, அதாவது 8-லேர்ந்து 13 டிகிரிக்குள்ள சாய்ச்சு வச்சு அடிக்கடி தூசியை கழுவுங்க, அது போதும்.

32 டிகிரின்னு சொன்னீங்க. சென்னை வெயில்ல தண்ணியே அவ்ளோ சூடா இருக்குமே, ஜெல் எப்பவும் சுருங்கியேதானே கிடக்கும்?

நல்ல கேள்வி, இதை லேப்ல ஏசி ரூம்ல உக்காந்து யோசிக்க மாட்டாங்க. சுத்தியுள்ள தண்ணியே 32-ஐ தாண்டிட்டா சுத்தமான பிநைபாம் ஜெல் எல்லா பக்கமும் ஒண்ணா சுருங்கி கட்டை மாதிரி நிக்கும், வளையவே வளையாது, வளையணும்னா ஒரு பக்கம் சூடா ஒரு பக்கம் குளிரா இருக்கணுமே. வழி இருக்கு. தயாரிக்கும்போது தண்ணியை விரும்புற இன்னொரு மூலப்பொருளை கொஞ்சம் கலந்தா இந்த 32 மேல ஏறும், தண்ணியை வெறுக்குறதை கலந்தா கீழ இறங்கும், ஊருக்கு தக்க ட்யூன் பண்ணிக்கலாம். தண்ணி தேவைப்படாத எல்சிஇக்கு போயிட்டா மாறுற வெப்பநிலையை இன்னும் நல்லா மேல தள்ளி வைக்கலாம்.

எத்தனை நாள் உழைக்கும்?

இங்கதான் நிஜ பிரச்சனை. ஜெல்லை வெளிய வச்சா காஞ்சுடும், உப்பி சுருங்கி உப்பி சுருங்கி களைச்சு போய் விரிசல் விடும், குளம் மாதிரி தண்ணில வச்சா பாசி பிடிக்கும். அசோபென்சீன் வகைக்கு அல்ட்ரா வயலட் வேணும், வெயில்ல அது சின்ன பங்குதான், அதே அல்ட்ரா வயலட் வருசக்கணக்குல அடிச்சா பிளாஸ்டிக்கையே அரிச்சுடும். சூட்டுல இயங்குற எல்சிஇ இந்த மூணு வகையில கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். செடி தினமும் புது செல்லை வளர்த்து தன்னை ரிப்பேர் பண்ணிக்குது, இதுங்களுக்கு அந்த வசதி இல்ல.

இதை சன்'பாட்', அதாவது ரோபோன்னு சொல்றது ஓவர் இல்லையா?

கொஞ்சம் ஓவர்தான், ஃபண்டிங் வேணும்ல. ஆனா உணர்ந்து, அசைஞ்சு, போதும்னு நிறுத்துறது ரோபோ வேலைன்னா இது அந்த மூணையும் செய்யுது, கம்ப்யூட்டர் கோடு ஒரு வரி கூட இல்லாம.

வீட்ல பசங்களோட ஏதாவது செஞ்சு பாக்கலாமா?

தாராளமா, ரெண்டு சோதனை சொல்றேன், ரெண்டையும் செஞ்சாதான் வித்தியாசம் புரியும்.

முதல்ல சூயிங் கம் சுத்தி வர்ற, ஒரு பக்கம் ஃபாயில் ஒரு பக்கம் பேப்பரா ஒட்டியிருக்கிற தாளை எடுத்து மெல்லிசா ஒரு பட்டை வெட்டுங்க. ஃபாயில் பக்கத்தை கருப்பு மார்க்கரால பூசிட்டு, ஒரு முனையை கிளிப்ல மாட்டி, பழைய குண்டு பல்பு பக்கத்துல பிடிங்க, எல்ஈடி வேணாம், அதுல சூடு பத்தாது. பட்டை பேப்பர் பக்கமா வளையும், ஏன்னா சூட்டுல அலுமினியம் பேப்பரை விட அதிகமா நீளும், பேப்பரும் ஈரம் போய் சுருங்கும். இப்போ பல்பை மறுபக்கம் கொண்டு போங்க. இப்பவும் அதே பேப்பர் பக்கம்தான் வளையும், பல்பு இருக்கிற திசையை பத்தி அதுக்கு கவலையே இல்ல. இதான் நாஸ்டிக். பட்டையை பல்பு மேல படாம பாத்துக்கோங்க, பெரியவங்க யாராவது கூட இருக்கணும்.

அடுத்தது ஷூ டப்பா. ஒரு சின்ன கப்ல ஈர பஞ்சு வச்சு பச்சைப்பயறு முளைக்க விடுங்க, ரெண்டு மூணு விரல் உயரம் வந்ததும் மூடுன டப்பாக்குள்ள வச்சு ஒரு பக்கம் மட்டும் காசு சைஸ்ல ஓட்டை போட்டு ஜன்னலோரம் வைங்க. ஓட்டையை பாத்து வளையும். டப்பாவை திருப்பாம கப்பை மட்டும் அரை சுத்து திருப்பி வச்சா, முளை திரும்ப புது பக்கத்துலேர்ந்து ஓட்டையை பாத்து வளைஞ்சு எஸ் மாதிரி நிக்கும். பழைய வளைவு நிமிராம அப்படியே இருக்கிறதை கவனிங்க, செடி வளர்ந்துதான் திரும்புதுன்னு மேல சொன்னதுக்கு அதான் சாட்சி. சில முளைக்கு மட்டும் நுனில குட்டியா அலுமினியம் ஃபாயில் தொப்பி மாட்டி வச்சும் பாக்கலாம். சார்லஸ் டார்வினும் அவர் மகன் ஃபிரான்சிஸும் புல் முளைக்கு இதே மாதிரி தொப்பி மாட்டித்தான் 1880 வாக்குல, வெளிச்சத்தை உணர்றது நுனி, வளையுறது கீழ்ப்பக்கம்னு காட்டினாங்க. புல்லுல அவங்களுக்கு தெளிவா வந்துச்சு, பயறு முளையில அவ்ளோ சுத்தமா வரும்னு உத்தரவாதம் இல்ல, கேழ்வரகோ கம்போ கோதுமையோ போட்டு பாருங்க, முளைச்ச ரெண்டு மூணு நாளுக்குள்ள, முதல் இலை உறையை கிழிச்சுக்கிட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே மாட்டிடணும்.